ஒரு பேமிற், மூன்று குடும்பம்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியில், கண்டாவளைப் பிரதேச செயலர் பிரிவுக்குள் இருக்கிறது தர்மபுரம். கிளிநொச்சி மாவட்டத்தின் பல குடியேற்றக் கிராமங்களைப் போல இங்கேயும் ஒரு வளவுக்குள் ஒரு குடும்பம் இருந்த காலம் போய்விட்டது. மாதிரிக்கு ஒரு வளவை எடுத்துக்கொள்வோம். பேமிற், அதாவது அரச காணிக்கான அனுமதிப்பத்திரம், தகப்பனுடைய பெயரில். முன்பக்கத்துப் பழைய வீட்டில் தாயும் தகப்பனும் மூத்த மகனின் குடும்பமும். பக்கத்தில், போருக்குப் பிந்திய வீட்டுத்திட்டத்தில் மகளுக்குக் கிடைத்த வீடு. பின்னால் இளைய மகன் போட்ட தகரக் கொட்டில். கிணறு ஒன்று, படலை ஒன்று, மின்மானி ஒன்று. தகப்பன் உயிரோடு இருக்கும்வரை இதை ஆளுவதற்குச் சட்டம் தேவைப்படுவதில்லை. அவருடைய வாய்ச்சொல்லே போதும். அவர் கண்ணை மூடிய பிறகுதான், அந்த வளவில் வாழ்கிற பத்துப் பன்னிரண்டு பேரில் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிகிறவர் ஒருவர் மட்டுமே என்பது விளங்குகிறது.

ஒரே நிலத்தையோ ஒரே கட்டடத்தையோ பலர் பங்காக வைத்து வாழ்வதை ஆள இலங்கைச் சட்டம் மூன்று வழி வைத்திருக்கிறது. அரச காணிக்கு ஒன்று, உறுதிக் காணிக்கு ஒன்று, தொடர்மாடிக்கு ஒன்று. மூன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு பயத்தோடு எழுதப்பட்டவை. வன்னிக் குடும்பம் ஒன்று இன்று மூன்றுக்குள்ளும் கால் வைத்திருக்கலாம்: தர்மபுரத்தில் பேமிற் வளவு, யாழ்ப்பாணத்தில் பிரிபடாத பங்கு, வெள்ளவத்தையில் வெளிநாட்டுப் பிள்ளை வாங்கிய தொடர்மாடி வீடு. தொடர்மாடியில் மேல் வீட்டுக்காரரும் கீழ் வீட்டுக்காரரும் சண்டை பிடித்தால் எங்கே போவது, யார் கணக்குக் காட்டுவது என்று சட்டம் சொல்லியிருக்கிறது. ஒரே பேமிற் வளவில் அண்ணனும் தங்கையும் சண்டை பிடித்தால் அது யாரை வெளியே போகச் சொல்லலாம் என்பதை மட்டுமே சொல்கிறது. இந்த ஏற்றத்தாழ்வை நியாயப்படுத்த எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

பேமிற்றின் வேர் 1927 இல் அமைக்கப்பட்ட காணி ஆணைக்குழுவில் இருக்கிறது. சிறு விவசாயிக்கு அரச காணி கொடுத்தால் அவர் கடனில் விழுந்து அதை வியாபாரியிடம் இழப்பார், அல்லது பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்துப் பயிர் செய்ய முடியாத துண்டுகளாக்குவார் என்பதே அன்றைய கவலை. அந்தக் கவலையிலிருந்து பிறந்தது 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அப்போது விவசாய, காணி அமைச்சராக இருந்தவர் டி. எஸ். சேனநாயக்க. அனுமதிப்பத்திரம் பெற்றவர் நிலத்தில் குடியிருந்து, பயிர் செய்து, நிபந்தனைகளை நிறைவேற்றினால் பிறகு அளிப்புப் பத்திரம் கிடைக்கும். அளிப்புக் கிடைத்த பின்னும் பிரதேச செயலரின் முன்னனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. குத்தகைக்குக் கொடுக்க முடியாது. இதற்குக் குறைந்து பிரிக்கக் கூடாது என்ற அளவும் உண்டு. எவ்வளவு காலம் குடியிருந்தாலும் ஆட்சியால் உரித்துக் கோர இடமில்லை.

கடனிலிருந்து காணியைக் காப்பாற்றியதில் இந்தச் சட்டம் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. வன்னிக் குடியேற்றங்கள் பலவற்றில் மூன்றாம் தலைமுறை இன்னும் அதே நிலத்தில் இருப்பதற்கு அது ஒரு காரணம். ஆனால் துண்டாகாமல் காக்க அது தேர்ந்த வழி, வாரிசுகளில் ஒருவரை மட்டும் தேர்ந்து மற்றவர்களை வெறுங்கையோடு விடுவது. பேமிற்காரர் பின்னுரித்தாளரை நியமிக்காமல் இறந்தால், சட்டத்தின் மூன்றாம் அட்டவணை வரிசை சொல்லும். நெடுங்காலம் அந்த வரிசையில் மகன் முதலில் நின்றான், மகள் அவனுக்குப் பின்னால் நின்றாள். ஒரே படியில் பலர் இருந்தால் மூத்தவருக்கே இடம். 87 ஆண்டுகள் கழித்து, 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான் ஆண் முந்தி, பெண் பிந்தி என்ற வரிசையை நீக்கியது. வரவேற்க வேண்டிய திருத்தம். ஆனாலும் அது நடைமுறைக்கு வருமுன்னர் நடந்த மரணங்களின் கணக்கு வளவுகளில் அப்படியே கிடக்கிறது.

வாழ்க்கைத்துணையின் நிலை சற்று வேறு. பின்னுரித்தாளராக நியமிக்கப்படாவிட்டாலும் கணவனோ மனைவியோ அந்தக் காணியைத் தொடர்ந்து அனுபவிக்கலாம். ஆனால் அப்படி வந்த உரிமையை வைத்துக் காணியைக் கைமாற்றவோ வேறொருவரைப் பின்னுரித்தாளராக எழுதவோ முடியாது. மகனும் மகளும் அடித்துக்கொள்கிறபோது தாயால் இருவருக்கும் நடுவில் நிற்க மட்டும் முடியும், தீர்த்துவைக்க முடியாது.

தர்மபுரத்துக்கு இதற்கு மேலும் ஒரு சுமை உண்டு. இங்குள்ள குடும்பங்களில் பல மலையகத்திலிருந்து வந்தவை. 1958, 1977 வன்செயல்களுக்குப் பின்னர் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள், கூலிக்கு வந்து தங்கியவர்கள். தோட்டத்து லயத்தில் அவர்கள் பட்டது உரிமை இல்லாத கூட்டுக் குடியிருப்பு: பொதுச் சுவர், பொதுத் தண்ணீர், சொந்தம் என்று எதுவுமில்லை. வன்னிக்கு வந்த பிறகும் பலருக்குக் குடியுரிமைப் பத்திரமே இல்லை. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் தொடங்கிய கணக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் முடிவுக்கு வந்தது. குடியுரிமை இல்லாதவர் அரச காணிக் கச்சேரியின் வாசலில் கடைசியாக நின்றார். அதனால் மலையகத்திலிருந்து வந்தவர்களிடம் பேமிற் இருப்பதே ஒரு சாதனை. அதில் யாருடைய பெயர் என்ற கேள்வி பின்னால்தான் வந்தது. யாழ்ப்பாணத் தமிழரை ஆளும் தேசவழமை, வடக்கில் நிரந்தரமாக வேரூன்றிய மலையகக் குடும்பத்தையும் ஆளுமா என்பதும் ஒவ்வொரு வழக்கிலும் சாட்சி வைத்து நிறுவ வேண்டிய விடயமாகவே இருக்கிறது. ஒரே ஒழுங்கையில் இரண்டு வீட்டுக்கு இரண்டு வாரிசுச் சட்டம் இருக்கலாம்.

பிறகு போர். 2009 ஜனவரியில் தர்மபுரம் வெறுமையானது. மக்கள் கிழக்கே போய், அங்கிருந்து செட்டிகுளம் முகாம்களுக்குப் போய், திரும்பி வந்தபோது பலரிடம் பேமிற் இல்லை. அலுவலகப் பேரேடுகளிலும் பல அழிந்துபோயிருந்தன. ஒரே காணிக்கு முன்னர் அரசு கொடுத்த பத்திரம் ஒருவரிடம், விடுதலைப் புலிகளின் நிர்வாகம் இருத்திய குடும்பம் காணிக்குள். காணி ஆணையாளர் நாயகம் 2011 இல் வெளியிட்ட சுற்றறிக்கை நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டு மீளப் பெறப்பட்டது; 2013/01 ஆம் இலக்கச் சுற்றறிக்கை அதற்குப் பதிலாக வந்தது. யாருக்கு உரித்து, யாருக்கு மாற்றுக் காணி என்று தீர்க்க அது ஒரு நடைமுறை வகுத்தது. அதுவும் ‘ஒரு காணி, ஒரு உரித்தாளர்’ என்ற கணக்கிலேயே ஓடியது.

வீட்டுத்திட்டங்கள் வேறு கணக்கில் ஓடின. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் 46,000 வடக்கிற்கும் கிழக்கிற்கும் ஒதுக்கப்பட்டது. பயனாளி ஒருவருக்கு 5,50,000 ரூபாய், தாமே முன்நின்று கட்டும் முறை. வீடு குடும்பத்துக்கு ஒன்று. காணியோ தகப்பனுக்கு ஒன்று. முகாமில் இருந்தபோது கலியாணம் முடித்த பிள்ளைகள் தனிக் குடும்பமாகப் பதிந்து, பெற்றோரின் வளவில் ஒரு மூலையைக் காட்டி வீடு கட்டினால், வீட்டின் சொந்தக்காரர் ஒருவர், நிலத்தின் சொந்தக்காரர் இன்னொருவர். அரசின் ஒரு கை ஒரு வளவில் பல குடும்பங்களை ஏற்றுக்கொண்டு வீடு கொடுத்தது. மறு கை அந்த வளவில் ஒருவரைத் தவிர மற்றவர்களைப் பதிய மறுக்கிறது. இன்றைய பிணக்குகளில் பெரும்பகுதி இந்த இரண்டு கைகளுக்கும் இடையில் முளைத்ததுதான்.

அப்படியானால் உறுதிக் காணி மேலானதா? அங்கே எல்லா வாரிசுகளும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிகிறார்கள். சிக்கல் மறுபக்கத்திலிருந்து வருகிறது.

ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 1806 இல் ஆங்கிலேயர் சட்டமாக ஏற்ற தேசவழமை, முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தை வகுத்தது. பங்காளிகள் சேர்ந்து வாழ்வது அதற்குப் புதிதல்ல. பழைய யாழ்ப்பாண உறுதி ஒன்றை எடுத்து வாசித்துப் பாருங்கள். பரப்பும் குழியும் சொன்ன பிறகு, கிணற்றில் இத்தனை பங்கு, தண்ணீர் அள்ளுவதற்கான பாத்தியதை, வழி வாய்க்கால் உரிமை என்று வரிசையாக வரும். பொதுவாக இருக்க வேண்டியதையும் தனியாக இருக்க வேண்டியதையும் ஒரே தாளில் பிரித்து எழுதும் அந்தப் பழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். எட்டில் ஒரு பங்குக் கிணறு என்று எழுதியவருக்கு, துலாவில் யார் எப்போது தண்ணீர் இறைப்பது என்ற ஒழுங்கும் தெரிந்திருந்தது. பங்கை வெளியாருக்கு விற்கும் முன்பு பங்காளிக்கும் உரித்தாளருக்கும் அறிவிக்க வேண்டும் என்ற முற்கொள்வனவு உரிமையை 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் எழுத்தில் வைத்தது. அண்ணன் தன் பங்கை அந்நியருக்கு விற்று, தம்பியின் முற்றத்தில் அந்நியர் வந்து நிற்பதைத் தடுப்பதற்கான கதவு அது.

ஆனால் பிரிபடாத பங்கை நாளாந்தம் யார் நிர்வகிப்பது என்று அந்தச் சட்டங்கள் எதுவும் சொல்லவில்லை. பங்காளி ஒவ்வொருவருக்கும் முழு நிலத்திலும் உரிமை. அதனால் ஒருவராலும் தனித்து எதையும் உறுதியாகச் செய்ய முடியாது. மதில் கட்ட மற்றவர் சம்மதம் வேண்டும். வங்கி எல்லோருடைய கையொப்பத்தையும் கேட்கும். ஒருவர் மட்டும் பல ஆண்டு இருந்து பராமரித்தாலும், பங்காளியின் ஆட்சி எல்லாப் பங்காளிகளுக்குமான ஆட்சியே. மற்றவர்களை வெளியேற்றியதற்கு ஒப்பான செயல் இல்லாமல் ஆட்சியால் உரித்துக் கோருவதற்கான பத்து வருடக் கணக்குத் தொடங்காது என்று 1911 இல் கொரேயா எதிர் இசெரிஸ் அப்புஹாமி வழக்கில் பிரிவிக் கவுன்சில் தீர்த்தது. இடம்பெயர்ந்தவரின் காணியில் வேறொருவர் இருந்த காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் 1983 மே முதல் 2009 மே வரையான காலத்துக்கு விலக்குக் கொடுத்தது. இரண்டும் நீதியானவை. இரண்டும் காணியில் இல்லாதவரைக் காக்கின்றன. இருந்து கூரை வேய்ந்து கிணறு இறைத்துப் பார்ப்பவர் செலவைப் பங்கிட்டுக் கேட்க இலகுவான வழி எதுவும் இல்லை.

மனைவியின் கையெழுத்தும் தனிச் சிக்கல். 1911 இன் யாழ்ப்பாண விவாக உரிமைகள் கட்டளைச் சட்டப்படி, தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கணவன் காணாமல் ஆக்கப்பட்ட வன்னிப் பெண்ணுக்கு இது எவ்வளவு கொடுமையான வாசகம் என்பதை விளக்கத் தேவையில்லை. 2016 இல் வந்த ‘காணாமற்போனமைச் சான்றிதழ்’ மரணச் சான்றிதழ் கேட்கும் கொடுமையை ஓரளவு குறைத்தது. சட்டத்தின் அந்த வாசகத்தை அது தொடவில்லை.

எல்லாம் முறிந்தால் பங்கு வழக்கு. 1863, 1951 சட்டங்களுக்குப் பின் வந்த 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி பங்காளி ஒருவரே வழக்கு வைக்கலாம். வழக்குப் பதிவு செய்யப்படும். நில அளவையாளர் படம் கீறுவார். யாருக்கு எத்தனை பங்கு என்று தீர்ப்பாணை வரும். மறுபடியும் அளந்து பிரிப்பார்கள், பிரிக்க முடியாவிட்டால் விற்பார்கள். இறுதித் தீர்ப்பு உலகத்துக்கே எதிராகச் செல்லும் வலிமை உடையது. அதனாலேயே ஒவ்வொரு பங்காளியையும் தேடி அறிவித்தல் கொடுக்க வேண்டும். பங்காளிகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கும்போது வழக்கு ஒரு தலைமுறையைத் தாண்டுவதில் ஆச்சரியமில்லை. இத்தனைக்கும் பிறகு கிடைப்பது வேலிதான். சேர்ந்து வாழ விரும்புகிறவர்களுக்குப் பங்கு வழக்கில் எதுவுமே இல்லை.

இனி மாடிக்குப் போவோம். நிலத்தில் வேலி போடலாம். ஐந்தாம் மாடியில் போட முடியாது. அதனால் தொடர்மாடிச் சட்டத்தை எழுதியவர்கள் பிரிவதற்கான வழியை விட்டுவிட்டுச் சேர்ந்திருப்பதற்கான வழியை எழுத வேண்டியதாயிற்று. நியூ சவுத் வேல்ஸ் 1961 இலும் சிங்கப்பூர் 1967 இலும் செய்ததை இலங்கை 1970 இல் முதலில் முயன்று, 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டமாக நிலைநிறுத்தியது. வீடு தனி உரித்து. படிக்கட்டு, மின்தூக்கி, கூரை, தண்ணீர்த் தொட்டி, நிலம் எல்லாம் பொது. ஒவ்வொரு வீட்டுக்கும் பொதுவில் ஒரு பங்கு எழுதப்பட்டிருக்கும். வீட்டை விற்றால் பங்கும் கூடவே போகும், தனியாக விற்க முடியாது. சொந்தக்காரர் எல்லோரும் சேர்ந்து ஒரு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். அது சட்ட நபர். வழக்கு வைக்கலாம், அதன்மேல் வழக்கு வைக்கலாம். ஆண்டுக் கூட்டம், தெரிவு செய்த சபை, கணக்கு, பங்குக்கேற்ற மாதக் கட்டணம், கட்டாதவரிடம் அறவிடும் அதிகாரம். மேலே கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை. 1973 இல் பொது வசதிகள் சபையாகத் தொடங்கி 2003 இல் புதிய பெயர் பெற்றது.

வெள்ளவத்தையில் இது எப்போதும் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. கட்டியவரே பல காலம் நிர்வாகத்தைக் கையில் வைத்திருப்பதும், கூட்டுத்தாபனத்தை அமைக்காமலே விடுவதும், வெளிநாட்டுச் சொந்தக்காரர் கட்டணத்தை நிலுவையில் விடுவதும், நிலுவை கூடி மின்தூக்கி நின்றுபோவதும் அங்கே வாழும் தமிழருக்குத் தெரிந்த கதைகள். ஆனாலும் அந்தச் சண்டைகளுக்குக் கூட்டம் உண்டு, குறிப்பேடு உண்டு, போய் நிற்க ஒரு அலுவலகம் உண்டு. தமிழ்நாடு 1994 இல் இயற்றிய அடுக்குமாடிச் சட்டத்தின் குறைகளைப் பார்த்து 2022 இல் புதுச் சட்டமே எழுதி, மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம் என்ற ஏற்பாட்டைச் சேர்த்துக்கொண்டது. ஒருவர் மறுத்தால் எல்லோரும் முடங்குவது என்ற நிலையிலிருந்து வெளியேறும் வழி அது. நம்முடைய உறுதிக் காணிக்கு அப்படியொரு வழி ஒருபோதும் இருந்ததில்லை.

பங்கை ஆளுவது வன்னி விவசாயிக்குத் தெரியாத வித்தையும் அல்ல. இரணைமடுவில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் காணாத ஆண்டில், முழு வயலுக்கும் விடாமல் ஒரு பகுதிக்கு விட்டு, அந்தப் பகுதியை எல்லோரும் பங்கிட்டு விதைக்கிறார்கள். யாருடைய வயல் எங்கே இருந்தாலும் அவரவர் பங்கு அவரவருக்கு. கமக்காரர் அமைப்புக்கு 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அந்தஸ்துக் கொடுக்கிறது. போகக் கூட்டத்தின் முடிவு வயலை ஆளுகிறது. வயலுக்குள் பங்காளியாக மதிக்கப்படும் மனிதர், வீட்டு வளவுக்குள் வந்தவுடன் அண்ணனின் தயவில் இருப்பவராக மாறுகிறார்.

இந்த இடத்தில்தான் 2024 இன் ‘உறுமய’ திட்டத்தைப் பார்க்க வேண்டும். 20 இலட்சம் குடும்பங்களுக்கு முழு உரித்து என்று அறிவிக்கப்பட்டது. பேமிற் உறுதியாக மாறும் என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் இல்லை? பிரதேச செயலரின் அனுமதிக்காகக் காத்து நிற்பதும் வங்கி வாசலில் திரும்புவதும் முடியும். ஆனால் தர்மபுரத்து வளவில் உறுதி அந்தத் தகப்பனுடைய பெயரிலேயே வரும். அடுத்த மரணத்தோடு அது பிரிபடாத பங்காகும். ஒருவருக்கு எல்லாம் என்ற நிலையிலிருந்து, எல்லோருக்கும் உண்டு ஆனால் ஒருவராலும் ஆள முடியாது என்ற நிலைக்கு வளவு போய்ச் சேரும். இடையில் முதலாவது கடனுக்கே நிலம் போகவும் கூடும். 1935 இன் பயம் பொய்யான பயம் அல்ல. பேமிற்றா உறுதியா என்ற வாதத்தில் காலம் கழிக்கிறவர்கள், பகிர்ந்து வாழ்வதற்கு ஒரு வடிவம் வேண்டும் என்பதைக் காணத் தவறுகிறார்கள்.

வடிவம் ஏற்கெனவே 1973 சட்டத்தில் இருக்கிறது. அதை நிலத்துக்கு இறக்க வேண்டும். ஒரு வளவில் ஒன்றுக்கு மேற்பட்ட நிரந்தர வீடுகள் இருந்தால், காணியைத் துண்டாக்காமலே ஒவ்வொரு வீட்டையும் அதன் குடும்பத்தின் பெயரில், கணவன் மனைவி இருவர் பெயரிலும், காணிப் பேரேட்டில் பதியலாம். பாதை, கிணறு, முற்றம், மரங்கள் பொது என்று எழுதலாம். வளவுக்கு ஒரு சிறு சபை; கூட்டுத்தாபனம் என்று பெரிய பெயர் தேவையில்லை. துண்டாடலுக்கு அஞ்சும் காணி அதிகாரிக்கு இதில் எந்த ஆபத்தும் இல்லை. எல்லை மாறவில்லை, உள்ளே யார் என்பது மட்டும் எழுத்தில் வருகிறது. வீட்டை விற்க நினைப்பவர் முதலில் உள்ளிருப்பவரிடம் கேட்க வேண்டும் என்ற தேசவழமையின் முற்கொள்வனவு உரிமையை, தேசவழமைக்கு உட்படாத குடும்பங்களுக்கும் சேர்த்து, இங்கே கொண்டுவரலாம்.

இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும், அது கொழும்பில்தான் நடக்க வேண்டும். அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தில் காணி மாகாணத்துக்கு என்று எழுதியிருந்தாலும், அரச காணியின் அதிகாரம் மத்தியிடமே இருக்கிறது என்று 2013 செப்டெம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. ஆனால் எல்லாவற்றுக்கும் திருத்தத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. காணிப் பிணக்குகளுக்கான விசேட மத்தியஸ்த சபைகளுக்கு 2003 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. அரச காணியின் உரித்தை அந்தச் சபையால் மாற்ற முடியாது. ஒரே வளவில் இருப்பவர்கள் எப்படிப் பாவிப்பது என்ற இணக்கத்தை எழுதிக் கையொப்பம் வாங்க முடியும். சண்டை வந்த பிறகு வாங்குவதைவிடத் தகப்பன் இருக்கும்போதே, அவர் முன்னிலையில் வாங்குவது எவ்வளவோ இலகு.

பிரதேச செயலகம் கிராமத்துக்கு வந்து நடத்தும் நடமாடும் சேவையில் காணிப் பகுதிக்கு ஒரு மேசை இருக்கும். பின்னுரித்தாளர் நியமனத்துக்கான படிவம் அங்கேதான் நிரப்பப்படுகிறது. அந்தப் படிவத்தோடு இன்னொரு தாளையும் வைத்தால் போதும். வளவில் எத்தனை வீடு, எந்த வீட்டில் யார், வீதியிலிருந்து பின்வீட்டுக்குப் போகும் பாதை எத்தனை அடி, கிணற்றில் யார் யாருக்குப் பங்கு, மின்கட்டணத்தை எப்படிப் பிரிப்பது, தாய் கடைசிவரை எந்த வீட்டில் இருப்பார் என்று அதில் எழுதட்டும். நியமிக்கப்படுகிற பிள்ளையும் மற்றப் பிள்ளைகளும் கிராம அலுவலர் முன்னிலையில் ஒன்றாக ஒப்பமிட்டு, ஒரு பிரதி காணிக் கோப்புக்குள் போகட்டும். நாளைக்கு வழக்கென்று வந்தால் நீதவான் கையில் எடுத்துப் பார்க்க அந்த வளவைப் பற்றி ஒரு தாளாவது இருக்கும்.